துரு ஏறாத தகடுகள்

2018 பிப்ரவரி 5, திங்கள்

காலை பத்தரைக்கு மெஷினை என் கையில் ஒப்படைத்தார்கள். ஃபோட்டோ எடுத்தார்கள். லைன் கமிட்டித் தலைவி தனபாக்கியம் தேங்காய் உடைத்தாள், நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆக இரண்டு பக்கத்துச் சாமியும் இனி பொறுப்பு.

பெங்களூரு கல்லூரியிலிருந்து வந்த சௌம்யா மேடம் ஒரு ரிஜிஸ்டர் கொடுத்தார். தேதி, வோல்ட், ஆம்பியர், ஓடிய நேரம், பேப்பர் காட்டிய எண் என்று ஐந்து கட்டம். ஒரு கட்டத்தில் நாலு எழுத்துக்கு மேல் கொள்ளாது. மனுஷன் சொல்ல வேண்டியது அதில் அடங்குமா? அதனால்தான் இந்த டைரி. போன வருஷத்து டைரி, மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. தேதியை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

யாராவது எடுத்துப் படித்தால் தெரியட்டும். நான் சவரிராயன், வயது அறுபத்திரண்டு. ஹொன்னகெரே தங்கச் சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் பம்ப் ஃபிட்டர். சுரங்கத்தை மூடிப் பதினெட்டு வருஷமாகிறது. வடாற்காட்டிலிருந்து வந்த எங்கள் ஜனம் கன்னட தேசத்தில் இந்தத் தகரக்கூரை லைன் வீடுகளிலேயே தங்கிவிட்டது.

நான்காம் லைன் போர்வெல் தண்ணீரைப் போன வருஷம் கல்லூரிக்காரர்கள் எடுத்துப்போய்ப் பார்த்து, ஆர்சனிக் நூற்று நாற்பது என்றார்கள். பத்தைத் தாண்டக் கூடாதாம். யாரும் கலந்ததில்லை, பாறையிலேயே இருக்கிற விஷம். தங்கம் இருக்கிற பாறையில் அதுவும் கூடவே குடியிருக்குமாம். தனபாக்கியம் அதற்கு வைத்திருக்கும் பெயர் பாஷாணம்.

மெஷின் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஆயிரம் லிட்டர் தொட்டி. அதற்குள் எட்டு இரும்புத் தகடுகள் வரிசையாகத் தொங்குகின்றன. ரெக்டிஃபையர் என்கிற கரண்ட் பெட்டியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கரண்ட் கொடுக்க வேண்டும். அப்புறம் படிகாரக் கரைசலை ஊற்றிக் கலக்கிவிட்டால், சிவப்புச் சேறாக எல்லாம் அடியில் இறங்கிவிடும். மறுநாள் காலை மேல் தண்ணீரை ஜனங்கள் பிடித்துக்கொள்ளலாம். நாற்பத்தைந்து வீடு, வீட்டுக்கு ஒரு குடம், குடிக்கவும் சோறாக்கவும் மட்டும்.

செவ்வாயும் வெள்ளியும் பேப்பர் வைத்துப் பார்க்க வேண்டும். சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இரண்டு பொடியைப் போட்டு, மூடிக்குள் ஒரு வெள்ளைப் பேப்பரைச் செருகி இருபது நிமிஷம். பேப்பர் வெள்ளையாகவே இருந்தால் நல்ல தண்ணீர். மஞ்சளானால் கெட்டது. பழுப்பானால் ரொம்பக் கெட்டது. நிறத்துக்கு நிறம் எண் போட்ட அட்டை ஒன்று இருக்கிறது. இன்று போர் தண்ணீருக்குப் பழுப்பு, மெஷின் தண்ணீருக்கு வெள்ளை. எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு மேடம் துருவைப் பற்றி நீளமாகப் பேசினார். பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ், ஊறுகாய்க்குத் தமிழ். நான் அப்போது ரெக்டிஃபையரில் லூசாக இருந்த ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். துருவைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பூமிக்கடியில் மூவாயிரம் அடியில், பம்பைத் தின்கிற புளித்த தண்ணீரில் நின்று இருபத்தைந்து வருஷம் துருவோடு மல்லுக்கட்டியவன் நான்.

பிப்ரவரி 9, வெள்ளி

22 வோல்ட், 40 ஆம்பியர். பேப்பர் வெள்ளை. தொட்டியின் அடியில் சேறு இரண்டு வாளி. மேடம் விட்டுப்போன நீல டிரம்மில் கொட்டி மூடினேன், சாக்கடையில் கொட்டக் கூடாதாம். கை, வேட்டி, செருப்பு எல்லாம் சிவப்பு. சோப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

தனபாக்கியத்தின் புகார்: “தண்ணி லேசா செகப்பா கீது ஃபிட்டர்ணா. சோறு மஞ்சளா பூக்குது. இரும்பு வாசன வேற.”

“விஷம் இல்ல இல்ல, அத்தப் பாரு” என்றேன்.

“விஷம் இல்லன்னு நீ சொல்றே. செகப்பு கீதுன்னு என் கண்ணு சொல்லுது.”

அவளுக்குப் பதில் சொல்ல இன்னொரு பிறவி எடுத்து வர வேண்டும். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் வெட்கம்தான். ஃபிட்டர் நடத்துகிற மெஷினில் துரு வாசனை வரலாமா?

பிப்ரவரி 18, ஞாயிறு

மகள் ஜெசிந்தா வந்துவிட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. தலைப்பிரசவம், இங்கேதான் என்று பிடிவாதம். மாப்பிள்ளை லியோ பெங்களூரிலிருந்து பைக்கில் அழைத்து வர இருந்தான், போனிலேயே கத்தினேன், பஸ்ஸில் வந்தார்கள். அவள் அம்மா இருந்திருந்தால் பஸ்ஸையே வாசலுக்கு வரவழைத்திருப்பாள். என் சம்சாரம் சலேத்து போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

ஜெசி செருப்பைக் கூடக் கழற்றாமல் இரண்டு டம்ளர் மெஷின் தண்ணீர் குடித்தாள். வெயில்.

பிப்ரவரி 22, வியாழன்

ரசம் வைத்தேன், புளி அதிகம். ஜெசி ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.

சாயங்காலம் தனபாக்கியம் பேச்சோடு பேச்சாக, “போர்லேர்ந்து உங்க வூட்டுக்குத் தனியா பைப்பு இருந்துச்சே, அத்த ஏன் அடச்சிட்டே?” என்று கேட்டாள்.

லீக் என்றேன்.

மார்ச் 2, வெள்ளி

பேப்பர் வெள்ளை. தகடுகளைக் கழற்றிப் பார்த்தேன். நாலாவது தகட்டின் ஓரம் பிளேடு கணக்கில் தேய்ந்திருக்கிறது, கீழே ஓட்டை விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு மாசம் ஆகவில்லை! தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று மேடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் இப்படியா கரைவது? என்ன இரும்பு வாங்கிக் கொடுத்தார்களோ.

மார்ச் 4, ஞாயிறு

லியோ வந்திருந்தான். பாத்திரக் கம்பெனிகளுக்குத் தகடு வெட்டிக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை அவனுக்கு. தேய்ந்த தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, இத்த ஏன் ஸ்டெயின்லெஸ்ல போடக் கூடாது? எங்க கடைல கட்டிங் மிச்சம் எவ்ளோ கீது. ஆயுசுக்கும் தேயாது.”

“கரண்ட் பாயுமா?”

“எவர்சில்வர்ல கரண்ட் பாயாதா மாமா? நீங்கதான் ஃபிட்டரு, சொல்லுங்க.”

பாயும். எனக்குச் சட்டென்று சுரங்கத்து இரண்டாம் நம்பர் ஷாஃப்ட் பம்ப் ஞாபகம் வந்தது. அந்த ஒரு பம்புக்கு மட்டும் உள்ளே சுழல்கிற விசிறி ஸ்டெயின்லெஸ். மற்ற பம்புகளுக்கு வருஷத்துக்கு இரண்டு விசிறி மாற்றுவோம். அது மட்டும் பதினாறு வருஷம் அப்படியே பளபளவென்று ஓடியது. எங்களுக்கு மேலிருந்த ஓவர்மேன் அதைத் தொடக் கூட எங்களை விடமாட்டார். இந்த லைன் ஜனங்களுக்கு அந்த மாதிரிச் சரக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

போடலாம் என்றேன்.

மார்ச் 11, ஞாயிறு

தகடு வந்துவிட்டது. எட்டும் அளவு பிசகாமல் வெட்டியிருக்கிறான், ஓரம் பிசிறில்லை. ஒவ்வொன்றின் மேல்பக்கமும், கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவார்களே அதே எழுத்தில், பேர் வெட்டியிருக்கிறது: சலேத்தம்மாள் நினைவாக, நான்காம் லைனுக்கு.

ஜெசி எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். லியோ என்னவோ தப்புச் செய்துவிட்டவன்போல் நின்றான். அவன் தோளைத் தட்டினேன். மூன்று மணிக்குள் எட்டையும் மாட்டி ஓடவிட்டேன். மேடத்துக்குப் போன் செய்து சொல்ல நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, எதற்குத் தொந்தரவு.

மார்ச் 12, திங்கள்

தண்ணீர் கண்ணாடி! காலை ஆறரைக்குத் தொட்டியைத் திறந்தவுடன் எனக்கே நம்ப முடியவில்லை. சிவப்பு இல்லை, வாசனை இல்லை. தனபாக்கியம் டம்ளரைத் தூக்கி வெயிலில் பார்த்தாள். குடித்தாள். இன்னொரு தரம் குடித்தாள்.

“ஃபிட்டர்னா ஃபிட்டருதான்” என்று குடம் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் வாயிலிருந்து இது வந்தது சரித்திரத்தில் முதல் தடவை, அதனால் தேதியோடு எழுதி வைக்கிறேன்.

மார்ச் 13, செவ்வாய்

பேப்பர் மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. பொடி கூடுதலாக விழுந்திருக்கும். மறுபடி வைக்க நேரமில்லை, ஜெசியை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. குழந்தை நன்றாக இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

மார்ச் 16, வெள்ளி

பேப்பர் அதேதான். டப்பாவைப் பார்த்தேன். ஜன்னலோரம் வெயிலில் இருந்திருக்கிறது. வெயிலில் வைக்கக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. கெட்டுப்போயிருக்கும்.

ரிஜிஸ்டரில் 10 என்று போட்டேன். வோல்ட் சரி, ஆம்பியர் சரி, தண்ணீர் கண்ணாடி. வேறென்ன போடுவது? செவ்வாய்க்கிழமைக் கட்டமும் காலியாக இருந்தது, அதிலும் 10.

மார்ச் 24, சனி

இரண்டு வாரம் ஆகிறது, சேறு ஒரு கைப்பிடி கூட இல்லை. அடியில் படிகாரம் கொஞ்சம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். நீல டிரம்மை மூலையில் தள்ளிவிட்டேன். தகட்டைக் கழற்றித் துணியால் துடைத்தேன். முகம் பார்க்கலாம். என் வேட்டியும் வெள்ளையாக இருக்கிறது.

மார்ச் 30, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து வந்தவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தோம், எல்லாம் நம் தண்ணீரில். பக்கத்து மூன்றாம் லைனிலிருந்தும் குடத்தோடு வந்தார்கள். தனபாக்கியம் முதலில் முறைத்தாள், அப்புறம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ஈஸ்டர் அன்று கோயில் பிரியாணிக்கும் நம் தண்ணீர்தான் வேண்டுமாம், ஃபாதர் சொல்லி அனுப்பியிருக்கிறார். சலேத்து பெயரை இத்தனை பேர் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்று பேப்பர் வைக்கவில்லை. விரத நாள்.

ஏப்ரல் 3, செவ்வாய்

ஜெசிக்குக் கால் வீக்கம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார் நர்ஸ். ஒரு நாளைக்கு மூன்று பாட்டில் என்று கணக்கு வைத்து நானே நிரப்பிக் கொடுக்கிறேன்.

ரிஜிஸ்டரில் 10.

ஏப்ரல் 6, வெள்ளி

10.

ஏப்ரல் 10, செவ்வாய்

போர் தண்ணீர் ஒரு பாட்டில், மெஷின் தண்ணீர் ஒரு பாட்டில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேப்பரும் ஏறக்குறைய ஒரே பழுப்பு. பேப்பர் கெட்டுவிட்டது என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்? எதைக் காட்டினாலும் பழுப்பாகிறது. மேடம் வரும்போது புது டப்பா கேட்க வேண்டும்.

10.

ஏப்ரல் 13, வெள்ளி

நேற்று சாயங்காலம் மாம்பழ மழை. தகரத்தில் அடித்த சத்தத்தில் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. தலைக்கு ஊற்றிக்கொள்ள நல்லது என்று ஜெசி வாசலில் அண்டாவை வைத்து மழைத்தண்ணீர் பிடித்திருக்கிறாள்.

10.

ஏப்ரல் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஜெசி போன பிறகு அண்டாவிலிருந்து மழைத்தண்ணீரை ஒரு பாட்டில் எடுத்து, அதே டப்பாவிலிருந்து பேப்பர் எடுத்துச் செருகினேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. தெரியும்.

இருபது நிமிஷம் ஆயிற்று. நாற்பது நிமிஷம் வைத்தேன்.

வெள்ளை.

பேப்பர் கெடவில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். எடுத்த எடுப்பில், “மேடம், தகடு ஸ்டெயின்லெஸ்ல இருந்தா ஏதாவது ஆகுமா?” என்று கேட்டேன். பொதுவாகக் கேட்கிறவன் மாதிரி.

“யாரு மாத்துனாங்க அண்ணா?” என்றார்.

“நான்தான்.”

“துரு புடிக்கிறதுதான் அண்ணா மெஷினோட வேலையே. கரண்ட் பாயுறப்போ இரும்பு கரையணும், கரைஞ்சது துருவாகணும், அந்தத் துருதான் ஆர்சனிக்கைப் புடிச்சுக்கிட்டு அடியில போகுது. ஸ்டெயின்லெஸ் அந்த மாதிரி கரையாது. கரையுற கொஞ்சமும் குடிக்க நல்லதில்ல. நான் அன்னைக்கே சொன்னேன், இல்லையா?”

சொன்னார். நான் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன்.

“ரிஜிஸ்டர்ல என்ன ரீடிங் வந்துச்சு?” என்று கேட்டார். “பத்து” என்றேன். லைனில் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர், ஒருத்தி என் மகள் என்றேன். தண்ணீரை இன்றே நிறுத்துங்கள், எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், புதன்கிழமை நான் வருகிறேன் என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 16, திங்கள்

மெஷின் ரிப்பேர் என்று போர்டு எழுதி மாட்டினேன். டவுனுக்குப் போய் இரும்புக் கடையில் தகடு வாங்கி வந்தேன். வரும்போது ஜெசிக்கு இரண்டு கேன் தண்ணீர். “எதுக்கு நைனா கேனு? நம்ம தண்ணியே நல்லாத்தானே கீது” என்றாள். டவுனில் மலிவாகக் கிடைத்தது என்றேன்.

இன்னொரு கர்ப்பிணி, கடைசி வீட்டுப் பெண். அவளுக்குக் கேன் வாங்கவில்லை. வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள்.

எழுதி முடித்துப் படித்தால் எனக்கே என் மூஞ்சியில் துப்பத் தோன்றுகிறது.

ஏப்ரல் 17, செவ்வாய்

இரும்புத் தகட்டில் நேற்று ஓடவிட்டது இன்று திறந்தேன். சேறு இறங்கியிருந்தது, பேப்பர் வெள்ளை. தண்ணீரில் லேசான சிவப்பு. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இப்படியே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். மறைப்பதில் ஒன்றுமில்லை, மறைக்கிறேன் என்று எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. கழற்றிய எவர்சில்வர் தகடுகளைக் கழுவி வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். மேடம் நாளைக்கு வருவார், அவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் ஜனங்கள் விட்டால்தானே. குடத்தைப் பார்த்தவுடன் தனபாக்கியம் குரலை உயர்த்தினாள். “பழையபடி செகப்பு! நல்ல தகட்ட ஏன்யா கழட்டுனே?”

பத்து மணிக்குள் கதை கட்டிவிட்டார்கள். எனக்கும் மாப்பிள்ளைக்கும் தகராறாம், அந்தக் கோபத்தில் அவன் கொடுத்த தகட்டைக் கழற்றிவிட்டேனாம். மூன்றாம் லைன்காரர்கள் தாங்கள் தண்ணீர் பிடிப்பது பொறுக்காமல் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். மதியம் பத்துப் பெண்கள் வீட்டுக்கே வந்து, பழைய தகட்டை மாட்டு, இல்லாவிட்டால் நாங்களே மாட்டிக்கொள்கிறோம் என்று நின்றார்கள். வெள்ளைத் தண்ணீர்தான் வேண்டுமாம். நாளைக் காலை முடிவு சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு ஜெசி சுவரோரம் உட்கார்ந்து தகடுகளைப் பார்த்தாள். “அம்மா பேரு உனுக்குப் பாரமா பூட்ச்சா நைனா?” என்றாள்.

இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷனில்லை. அவளிடம் முதலில் சொன்னேன். எல்லாம் சொன்னேன். பேப்பரை, பத்தை, மழைத்தண்ணீரை, கேனை. அவள் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்த பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

ஏப்ரல் 18, புதன்

காலை ஆறரை. குழாயடியில் நாற்பது ஐம்பது பேர். மூன்று பாட்டில் கொண்டுபோய்த் தொட்டி மேடையில் வைத்தேன். போர் தண்ணீர், தொட்டியைக் காலி செய்யும்போது எடுத்து வைத்த எவர்சில்வர் தகட்டுத் தண்ணீர், நேற்றைய இரும்புத் தகட்டுத் தண்ணீர். மூன்றிலும் எல்லார் கண்ணெதிரே பேப்பரைச் செருகினேன். இருபது நிமிஷம் காத்திருக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள்.

பழுப்பு, பழுப்பு, வெள்ளை.

“வெள்ளையா இருந்த தண்ணில பாஷாணம் இருந்துச்சு. செகப்பா கீதே, இதுல இல்ல. அஞ்சு வாரம் உங்களுக்குப் போர் தண்ணியத்தான் வடிகட்டிக் குடுத்தேன். தப்பு மாப்பிள்ளைது இல்ல. என்னுது” என்றேன்.

தனபாக்கியம் மேடைக்கு வந்து பேப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். “வாரத்துக்கு ரெண்டு தரம் பாத்து எழுதுறியே. பத்து, பத்துன்னு. எனுக்குக் காட்டுனியே. அது?”

“பொய்.”

“தெரிஞ்சே எழுதுனியா?”

தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. “பேப்பரு கெட்டுடுச்சின்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். தெரிஞ்சிக்கக் கூடாதுன்னே சொல்லிக்கினேன்” என்றேன்.

“என் பேத்திக்குப் பால் கலந்து குடுத்தேன்யா அதுல” என்றாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். பின்னாலிருந்து ஒருவன் என் சட்டையைப் பிடித்தான், இரண்டு பேர் விலக்கினார்கள். கடைசி வீட்டுப் பெண்ணின் மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். நான் நகரவில்லை.

அப்போதுதான் அதையும் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன். சுரங்கம் மூடிய பிறகு, வரிசையில் நிற்க வேண்டாம் என்று போரிலிருந்து என் வீட்டுக்கு மட்டும் அனுமதியில்லாமல் பைப் இழுத்தேன். நீங்கள் எல்லாரும் பாதி நாள் முனிசிபாலிட்டி லாரித் தண்ணீர் குடித்தீர்கள். என் வீட்டில் பதினான்கு வருஷம் முழுக்க முழுக்கப் போர் தண்ணீர். நான் வெளியில் அலைகிறவன், டீக்கடையில் குடிப்பேன், சாராயக் கடையில் குடிப்பேன். வீட்டோடு இருந்து அதைக் குடித்தவள் சலேத்து. அவள் உள்ளங்கையில் ஆணி ஆணியாகக் காய்த்தது, கடைசியில் மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த மெஷின் வேலைக்கு நான் ஏன் முந்திக்கொண்டு வந்தேன் என்று கேட்டீர்களே, அதற்குத்தான்.

தனபாக்கியம் ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் மேடம் வந்தார். திட்டவில்லை. “மூணு தடவை சொல்லியிருக்கணும், தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கணும். என் தப்பும் இருக்கு” என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இரண்டு கர்ப்பிணிகளிடமும் எட்டுக் குழந்தைகளிடமும் மூத்திரம் வாங்கிச் சென்றார்.

ஏப்ரல் 22, ஞாயிறு

லியோ வந்தான். “நான்தானே மாமா கொண்டாந்தேன்” என்று என் முன்னால் அழுதான். நீ பாத்திரக்காரன், நான் பம்புக்காரன், பார்த்திருக்க வேண்டியவன் நான் என்றேன். ஜெசி என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறாள்.

ஏப்ரல் 25, புதன்

கமிட்டி கூடியது. என்னை நீக்க வேண்டும் என்று பதினொரு பேர், வேண்டாம் என்று பதினான்கு பேர். வேறு ஆள் இல்லை என்பதால்தான், அன்பால் இல்லை, தனபாக்கியம் அதையும் சொல்லிவிட்டாள். இனி பேப்பர் தினமும் குழாயடியில், எல்லாருக்கும் முன்னால். அட்டையைப் பிடிக்கிறவள் அவள். ரிஜிஸ்டரில் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள், அவள் கையெழுத்துக்கு. பழைய ஒன்பது பத்துகளையும் எல்லார் முன்னாலும் என்னையே சிவப்பு மையில் அடிக்க வைத்தாள். அடித்தேன்.

ஏப்ரல் 30, திங்கள்

மூத்திர ரிப்போர்ட் வந்தது. எல்லாருக்கும் ஆர்சனிக் கூடுதல். ஜெசிக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். மூன்று பாட்டில் கணக்கு. நல்ல தண்ணீர் குடித்தால் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும் என்கிறார் மேடம். குழந்தையைப் பற்றி? “பொறந்த பிறகு எடை பார்க்கலாம் அண்ணா. இப்போ யாராலும் சொல்ல முடியாது.”

22 வோல்ட், 40 ஆம்பியர். பேப்பர் வெள்ளை. சேறு ஒன்றரை வாளி.

மே 9, புதன்

பெண் குழந்தை. காலை எட்டு ஐந்து. இரண்டு கிலோ இருநூறு. கொஞ்சம் குறைவுதான், பால் குடித்தால் தேறிவிடும் என்றார் டாக்டர். தண்ணீரால் இருக்குமா என்று கேட்டேன். எடை குறைய நூறு காரணம் இருக்கும், எதையென்று சொல்வது என்றார். கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

விரல்கள் பத்தும் இருக்கின்றன. எண்ணினேன்.

மே 20, ஞாயிறு

குழந்தை இரண்டு கிலோ ஐந்நூறு. துணி துவைத்தேன், பத்தியச் சாப்பாட்டுக்குப் பூண்டு உரித்தேன். எட்டுத் தகட்டையும் என்ன செய்வது என்று லியோவைக் கேட்டேன். உருக்கப் போடட்டுமா என்றான். பேரோடா என்று கேட்டேன். எட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

மே 27, ஞாயிறு

பால் கொடுத்து முடித்த ஜெசிக்குத் தாகம். சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சொம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கும் மேலாகி, இன்றுதான் முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்தாள்.

“இன்னிக்குப் பேப்பரு எங்க?”

குழாயடியில் இருக்கிறது என்றேன். எடுத்து வரச் சொன்னாள். தனபாக்கியத்திடம் கேட்டு வாங்கி, அட்டையையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அட்டையின் ஒவ்வொரு நிறத்தோடும் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். வெள்ளைதான். அப்புறம் சொம்பை வாங்கி முழுக்கக் குடித்தாள்.

பெற்ற மகள் சந்தேகப்படுகிறாளே என்று எனக்குக் கோபம் வரவில்லை. நாளைக்கும் கேட்பாள். கேட்கட்டும்.

சலேத்து பதினான்கு வருஷம் நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை.